தெய்வானை முகத்துக்குச் சாயம்

ஒரு ஊர்ல, கடைசித் தெருவுல, எந்நேரமும் கதவச் சாத்திக்கிட்டு ஒரு ஆளு இருந்தாரு. கால ஆட்டாம கேளுடி. மாசிலாமணின்னு பேரு. மரத்துல உருவம் செதுக்குறவரு.

"ம்."

அவரு பொண்டாட்டி தெய்வானை செத்துப்போயிட்டாங்க. அப்புறம் அவரு யாருகூடயும் பேசல. ஒரு தேக்குப் பலகைய எடுத்து, டொக் டொக்குன்னு தட்டி, அவங்க முகத்தப் புடைப்பா செதுக்கினாரு. செவுத்துல மாட்டினா வீட்ல ஒரு ஆளு இருக்குற மாதிரி இருக்கும்ல? பாவம், அவ்ளோதான் ஆசை.

சாயம் பூசுறதுதான் பாக்கி. அது ரெண்டு பேர் வேலை. ஒருத்தர் பூசிட்டே போகணும், இன்னொருத்தர் பின்னாலயே துணியால துடைக்கணும். இல்லைன்னா பள்ளத்துல தேங்கி, காஞ்சு, கருத்துப்போயிடும். இத்தன வருசமா இவரு பூச, தெய்வானைதான் துடைப்பாங்க.

இப்போ தனியாவே பூசினாரு. பிரஷ்ஷ வச்சுட்டுத் துணிய எடுக்குறதுக்குள்ள, கண்ணு ரெண்டும் கரியா அப்பிக்கிச்சு. உப்புத்தாள எடுத்து சர்ர்ர் சர்ர்ர்னு தேச்சாரு. சாயம் போச்சு. மூக்குலயும் கொஞ்சம் போச்சு.

"அப்புறம்?"

அப்புறம், மரம் சாயத்தக் குடிக்காம இருக்கட்டும்னு மொதல்லயே வார்னிஷ் அடிச்சாரு. புத்திசாலின்னு நெனப்பு! சாயம் எங்கயுமே பிடிக்கல. முகம் காய்ச்சல்காரி மாதிரி வெளுத்துக் கெடந்துது. மறுபடியும் சர்ர்ர் சர்ர்ர். உதடு மழுங்கிப்போச்சு. இன்னொரு தடவ தேச்சா தெய்வானையே இருக்க மாட்டாங்க.

"ஐயோ."

ஐயோதான். பலகைய மடியில வச்சுக்கிட்டு அழுதாரு. என்னன்னு கேக்க யாரு இருக்கா?

அப்போ எந்திரிச்சுப் போயி, பக்கத்து வீட்டு டெய்லர் சவரிமுத்து கதவ டக் டக்குன்னு தட்டினாரு.

"யாரு?"ன்னு உள்ள இருந்து குரல் வந்துது.

"நான்தான்பா. துடைக்க ஒரு ஆளு வேணும்."

சவரிமுத்து வெட்டுத்துணி ஒரு கை அள்ளிக்கிட்டு வந்தாரு. இவரு பூச, அவரு துடைக்க, இவரு பூச, அவரு துடைக்க.

"மெதுவாய்யா, கன்னம்!"

"தெரியுதுய்யா, நீ பூசு."

முகம் அப்படியே எழும்பி வந்துது.

"நம்ம அக்காவேதான்யா"ன்னாரு சவரிமுத்து. கை கழுவினாரு. செருப்ப மாட்டினாரு.

மாசிலாமணி பலகையப் பாத்தாரு. அழகாத்தான் இருக்கு. ஆனா அது ஒரு வார்த்த பேசுமா? வாசலுக்கு ஓடினாரு.

"சவரி, நாளைக்கும் வந்துடு. இன்னொரு பூச்சு இருக்கு."

"நெசமா இருக்கா, அத்தை?"

எங்க இருக்கு? அதெல்லாம் அன்னிக்கே முடிஞ்சாச்சு. கதையும் முடிஞ்சாச்சு, கண்ண மூடு.