பல்லவியை விட்டுவிட்டுப் பாடிய ஆல்பம்

நாமக்கல்லிலிருந்து முட்டை லாரிகள் போகும் சாலையில் பத்து மைல் போனால் உருட்டுப்பாறை என்ற ஊர் வரும். வரைபடத்தில் தேடாதீர்கள். படம் போட வந்தவர் அந்த ஊர்க்காரர்களிடம் வழி கேட்டார், பாவம், அப்புறம் அவரையே காணோம்.

அந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்து ராக் இசைக்குழு வைத்திருந்தார்கள். பூபாலன் பாடுவான், செங்கோட்டுவேல் கிட்டார் வாசிப்பான், அர்த்தநாரி டிரம்ஸ் அடிப்பான். ராக் என்றால் பாறை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் பாறை மேல் உட்கார்ந்து வாசித்தால்தான் ராக், தரையில் வாசித்தால் வெறும் பாட்டு என்பது அவர்கள் முடிவு. வெளியூர் போகும்போது உரல் பெரிசுக்கு ஒரு கல்லையும் தூக்கிக்கொண்டு போவார்கள். பாட்டைக் கேட்டவர்கள் அந்தக் கல்லை எடுத்து இவர்கள் தலையில் போடாததற்குக் காரணம் அதன் கனம் மட்டுமே.

பூபாலனுக்குக் கோழிப்பண்ணை மாரப்பனின் மகள் பல்லவி மேல் உயிர். பல்லவிக்கும் அவன் மேல் உயிர். அவளும் அந்த ஊர்க்காரிதானே. இரண்டு வருஷம் கழித்து மாரப்பனிடம் போய்ப் பெண் கேட்டான்.

"வெறும் கத்தலை நம்பிப் பொண்ணு குடுக்க முடியாது மாப்ளே. ஊருல அத்தனை பேரும் ஆல்பம் ஆல்பம்ங்கறாங்க. நீயும் ஒரு ஆல்பம் போட்டு என்ற கையில குடு. ஆவணி முடியறதுக்குள்ள குடுத்தீன்னா கல்யாணம். இல்லீன்னா ராசிபுரத்துல ஒரு மாப்பிள்ளை வரிசையில நிக்கறான்" என்றார் மாரப்பன்.

ஆவணி முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. மூன்று பேரும் கல்லோடு நாமக்கல்லுக்கு ஓடினார்கள்.

அங்கே தேவசகாயம் என்பவர் புதிதாக ஒலிப்பதிவுக் கூடம் திறந்திருந்தார். பொறுமைசாலி என்று பேர் எடுத்தவர். கல்லை உள்ளே வைக்க அனுமதித்தார் என்றால் பாருங்கள்.

"ரூம்ல கொஞ்சம் எதிரொலி அடிக்குது தம்பி. உங்க ஊர்லதான் முட்டை அட்டை நிறையக் கிடைக்குமே. நாளைக்கு நான் வர்றதுக்குள்ள சுவர் முழுக்க ஒட்டி வைங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மாரப்பன் பண்ணையிலிருந்து அறுபது அட்டை வந்து இறங்கியது. ஒட்டுவதற்கு முன் மூவரும் கூடி யோசித்தார்கள். மூவர் கூடி யோசித்தால் என்ன நடக்கும் என்று அந்தச் சுவருக்குத் தெரியாது.

"முட்டையை எடுத்துட்டு ஒட்டலாமா?" என்றான் செங்கோட்டுவேல்.

"காலி அட்டைன்னு சார் சொன்னாரா? முட்டை அட்டைன்னாரு. முட்டை இல்லீன்னா அது எப்படிடா முட்டை அட்டை?" என்றான் அர்த்தநாரி.

"அவிச்ச முட்டையா, பச்சையா?"

"அவிக்கச் சொல்லலையே."

ஒட்டினார்கள். கீழே விழாத முட்டைகளைக் கையால் அழுத்தி நிறுத்தப் பார்த்தார்கள், அவையும் உடைந்தன. தேவசகாயம் வந்து கதவைத் திறந்ததும் வழுக்கி, வாசலிலிருந்து மைக் வரைக்கும் நடக்காமலே போய்ச் சேர்ந்தார்.

"எதிரொலி நின்னுருச்சுங்களா சார்?" என்று கேட்டான் பூபாலன்.

தேவசகாயம் பதில் சொல்லவில்லை. எதிரொலியும் வரவில்லை. அதனால் வேலை சுத்தம் என்று மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

கழுவித் துடைத்து, காலி அட்டை ஒட்டி, பதிவு தொடங்க நான்கு நாள் ஆயிற்று. தேவசகாயம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பூபாலனின் காதில் மாட்டிய ஹெட்போன் வழியாகச் சொன்னார்: "சுருதி பத்தலை தம்பி. ஒரு கட்டை ஏறிப் பாடு."

பாடுகிறவர்கள் சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம். ஊர் உலகத்தில் உருட்டுப்பாறை சேராது. பூபாலன் மரக்கடைக்குப் போய் முழங்கால் உயரத்துக்கு வேப்பங்கட்டை ஒன்றை வாங்கி வந்து, அதன் மேல் ஏறி நின்று பாடினான். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் குரல் கூரைக்குப் போனது. அவன் கால் தெரியாத தேவசகாயம், "இப்ப ரொம்ப அதிகம். அரைக்கட்டை இறங்கு" என்றார்.

மறுபடி ஆலோசனை.

"நெட்டுக்கு அறுத்தா ஒத்தைக் காலுக்குத்தான் எடம் இருக்கும்" என்றான் அர்த்தநாரி.

"அவரு எறங்கத்தானே சொன்னாரு, காலை மடக்கச் சொல்லலையே. குறுக்க அறு" என்றான் செங்கோட்டுவேல்.

ரம்பம் வந்தது. அறுத்தார்கள். மைக் திறந்தே இருந்தது. கட்டை பாதியாயிற்று, பூபாலன் ஏறி நின்றான், பயம் பாதி தெளிந்தது, குரலும் பாதி இறங்கிச் சரியான இடத்தில் வந்து நின்றது. தேவசகாயம் பாராட்டினார். இதைவிடப் பெரிய தீங்கை அவர் அவர்களுக்குச் செய்திருக்க முடியாது. அன்று முதல் மூவருக்கும் சங்கீதம் முழுக்கப் புரிந்துவிட்டது.

ஆவணி முடிய இரண்டு நாள் பாக்கி. மூன்று பாட்டு முடிந்து கடைசிப் பாட்டுக்கு வந்திருந்தார்கள். பாட்டின் முதல் வரிகளைப் பதினேழு தடவை பாடியும் தேறவில்லை. தேவசகாயம் அலுத்துப்போய்ச் சொன்னார்: "பல்லவி உனக்கு ஒத்து வரலை தம்பி. பல்லவியை விட்டுட்டு நேரா சரணத்துக்குப் போயிரு."

பூபாலனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு வருஷமா ஒத்துத்தானுங்க சார் வருது."

"இன்னிக்கு ஒத்து வரலையே. நேரத்தை வீணாக்காதே. விட்டுரு."

பூபாலன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வேப்பங்கட்டை மேல் உட்கார்ந்தான். நண்பர்கள் இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"சார் படிச்சவரு. காரணம் இல்லாம சொல்ல மாட்டாரு" என்றான் அர்த்தநாரி.

"பல்லவிய கட்டோணும்னுதானே ஆல்பமே போடறேன்? ஆல்பத்துக்காக அவளை விட்டுட்டா ஆல்பம் எதுக்குடா?"

"சரணத்தைக் கட்டறதுக்கு" என்றான் செங்கோட்டுவேல்.

அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதால் அழுகை இன்னும் அதிகமானது. அழுதுகொண்டே போனை எடுத்தான்.

"பல்லவி, உன்னை விட்டுடச் சொல்லிட்டாங்க."

"யாரு?"

"சவுண்டு இன்ஜினியரு."

"அவரு என்னைப் பார்த்ததே இல்லையே!"

"அதான் இவ்வளவு லேசாச் சொல்லிட்டாரு. நேரா சரணத்துக்குப் போவணுமாம்."

"யாரு அவ சரணம்? எந்த ஊருக்காரி? அங்கயே நில்லு, வர்றேன்!"

அரை மணி நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கினாள். கூடத்தின் பீரோ, கழிப்பறை, டிரம்ஸுக்குப் பின்பக்கம் எல்லாம் தேடினாள். சரணம் அகப்படவில்லை. தேவசகாயம் தலையில் கையை வைத்துக்கொண்டு விளக்கினார்: "அம்மா தாயே, பாட்டோட தலை வரிக்குப் பேருதான் பல்லவி. அதுக்கப்புறம் வர்றது சரணம். ஒரு பாட்டுக்குப் பல்லவி ஒண்ணுதான். சரணம் மூணு வரும்."

"பல்லவி ஒண்ணுதான்" என்பதைக் கேட்டதும் அவள் கோபம் ஆறிவிட்டது. அர்த்தநாரி மட்டும் விரல் விட்டு எண்ணி, "ஒண்ணு... மூணு..." என்று மனசில் போட்டுக்கொண்டான். மற்றவர்களுக்கு மனசில் எதுவும் நிற்காது. அவனுக்கு நின்றுவிடும், அதுதான் ஆபத்து.

பதிவைப் போட்டுக் கேட்டபோது தேவசகாயம் திடுக்கிட்டார். பூபாலனின் பாட்டு எதுவும் முழுக்கச் சுருதியில் இல்லை. மூடாத மைக்கில் பதிந்த அழுகை அச்சாகச் சுருதியில் இருந்தது. நாலாவது பாட்டாக அந்த அழுகையையே வைத்தார். ஆளை அனுப்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு. பென் டிரைவில் தருகிறேன் என்றார். மாமா தன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், அதனால் பார்க்க ஆல்பம் மாதிரி இருக்க வேண்டும் என்று மூவரும் பிடிவாதம் பிடிக்க, பழைய பெட்டியைக் கிளறி ஒரு சிடி எடுத்துப் பதிந்து கொடுத்தார்.

ஆவணி கடைசி நாள் காலை, சொந்தபந்தம் சூழ மாரப்பன் சிடி இருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே வட்டமாக, பளபளவென்று. உற்றுப் பார்த்தார்.

"அட, என்னைய எவ்வளவு தெளிவா எடுத்திருக்கான்!"

பக்கத்தில் இருந்த மச்சான் வாங்கிப் பார்த்தார். "நீங்க எங்கீங்க இருக்கீங்க? நான்தானே இருக்கறேன்!"

சிடி கை மாறிக் கை மாறிப் போனது. பார்த்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஒருத்தரையும் விடாமல் எடுத்திருக்கிறான் என்று மாரப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இந்தா பாருங்க, கல்யாணம் முடிஞ்ச பொறகுதான் ஆல்பம் வரும். ஆல்பம் வந்துருச்சு. அப்ப கல்யாணம் முடிஞ்சுருச்சு. எல்லாரும் சாப்பிடலாம்" என்றார்.

"யாருக்கும் யாருக்கும் முடிஞ்சுதுன்னு பார்த்துரலாங்க மாமா" என்றான் பூபாலன் பவ்யமாக. அவனும் பல்லவியும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிடியைப் பார்த்தார்கள். இருவரும் இருந்தார்கள். ஆனால் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த செங்கோட்டுவேலும் நடுவில் இருந்தான்.

கூட்டம் கலவரப்பட்டது. ஒரு பெண்ணுக்கு இரண்டு மாப்பிள்ளையா? செங்கோட்டுவேலைச் சுற்றி நின்று, பல்லவியை விட்டுவிடு என்று கெஞ்சினார்கள். அவன் பெருந்தன்மையாகத் தலையாட்டினான்.

"விட்டுடறேன். அப்ப நேரா சரணத்துக்குத்தானே போவணும்? அதைக் கட்டி வைங்க."

"சரணம் மூணு இருக்குது. சாரே சொன்னாரு" என்று அர்த்தநாரி எழுந்தான். "எனக்கும் ஒண்ணு."

புரட்டாசி கழித்து ஐப்பசியில் தேவசகாயத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. பூபாலனுக்கும் பல்லவிக்கும்தான் ஆல்பத்திலேயே முடிந்துவிட்டதே; மணமகன்கள் செங்கோட்டுவேல், அர்த்தநாரி. மணமகள்கள் சௌபாக்கியவதி முதல் சரணம், சௌபாக்கியவதி இரண்டாம் சரணம். பெண் வீட்டார் என்ற இடத்தில் தேவசகாயத்தின் பெயரும் முழு விலாசமும் அச்சாகியிருந்தன. கீழே பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்கள்:

"சார், மூணாவது சரணத்தையும் கூட்டிட்டு வந்துருங்க. வீட்டுல தனியா விட்டுட்டு வராதீங்க."