ஆவுடையப்பன் குடிக்காமல் விட்ட தண்ணீர்

குறுங்கல்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று வெளியூரில் சொல்வார்கள். அது பொறாமையில் சொல்வது. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். இந்தக் காலத்தில் அதற்கே ஆள் கிடையாது.

ஒரு நாள் வெள்ளை ஜீப்பில் ஓர் அதிகாரி அம்மா வந்து ஊர்க் குடிநீர்த் தொட்டியில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனை செய்தார். தண்ணீரில் ஆர்சனிக் கலந்திருக்கிறது, பாஷாணம்தான் அது, லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் வரை இருக்கலாம், இங்கே பன்னிரண்டு இருக்கிறது என்றார். மூன்று வாரத்தில் சுத்தம் செய்கிற மெஷின் வரும், அதுவரை லாரியில் வேறு தண்ணீர் அனுப்புகிறேன், அளவு என்ன என்று பலகையில் எழுதித் தொட்டியில் மாட்டிவிடுங்கள் என்றும் சொன்னார்.

பஞ்சாயத்துத் தலைவர் சங்கிலிமுத்து, பத்து என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொன்னதுதான் அந்த அம்மா செய்த தப்பு.

"ஒரு ஆள் தினம் ரெண்டு லிட்டர் வீதம் எழுபது வருஷம் குடிச்சாலும் கெடுதல் வராத மாதிரி வச்ச அளவுங்க அது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

முதலில் பலகை வேலை நடந்தது. 'பத்துக்கு மேல் கூடாது' என்று பெயிண்டில் எழுதி, மோட்டார் போடுகிற பிச்சாண்டி அதைத் தொட்டியின் வெளிச்சுவரில் மாட்டப் போனான். தலைவர் தடுத்துவிட்டார். பாஷாணம் இருப்பது தொட்டிக்குள்ளே, அறிவிப்பை வெளியே மாட்டினால் அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கேள்வி நியாயமாக இருந்தது. பலகையைக் கயிற்றில் கட்டி, எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி தண்ணீருக்குள் இறக்கினார்கள்.

பாஷாணம் அதைப் படித்து அடங்குகிற வரைக்கும் என்ன செய்வது என்று கூட்டம் போட்டார்கள். பிச்சாண்டிதான் வழி கண்டுபிடித்தான். லிட்டருக்குப் பன்னிரண்டு என்றால் அரை லிட்டருக்கு ஆறுதானே, அரை லிட்டர் செம்பில் பிடித்தால் அளவுக்குள் வந்துவிடுகிறது என்றான். அன்றோடு ஊரில் குடத்துக்கு வேலை போயிற்று. எல்லோரும் செம்போடு வரிசையில் நின்றார்கள். ஒரு செம்பு குடித்தபின் அரைமணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்றும் முடிவானது. இரண்டு செம்பும் வயிற்றுக்குள் சேர்ந்துகொண்டால் ஒரு லிட்டர் ஆகிவிடும் அல்லவா?

லாரித் தண்ணீரும் தவறாமல் வந்தது. அதற்குப் பலகையும் இல்லை, அளவும் யாரும் சொல்லவில்லை. அளவு தெரியாத தண்ணீரை நம்பி எப்படிக் குடிப்பது? எருமைகளைக் குளிப்பாட்டினார்கள்.

அடுத்தது தினம் இரண்டு லிட்டர். பிச்சாண்டி காலையும் மாலையும் வீடு வீடாகப் போய், ஆளுக்கு நாலு செம்பு உள்ளே போகிறதா என்று நின்று பார்த்தான். மூன்றரைச் செம்பில் நிறுத்திய ஒரு புது மருமகளைப் பஞ்சாயத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

மிச்சம் இருந்தது எழுபது வருஷம். அது ஆவுடையப்பன் தலையில் வந்து விடிந்தது.

ஆவுடையப்பனுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை எழுபது நிறைந்தது. சொந்தக்காரன் வீட்டுப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் அப்பளம் விட்டுப்போனதை முப்பது வருஷம் கழித்தும் தேதியோடு சொல்லக் கூடியவர். அன்று காலை அவர் செம்போடு வரிசையில் நின்றபோது, தலைவர் வந்து அந்தச் செம்பை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"பெரியப்பா, உங்களுக்கு நேத்தோட எழுபது முடிஞ்சுபோச்சு. இனிமே குடிச்சா கெடுதல்."

"தொட்டி கட்டி இருபத்து நாலு வருஷம்தானே ஆச்சு, சங்கிலி?"

"தொட்டி அப்பத்தான் வந்தது. தண்ணி அதுக்கு முன்னாடியே பூமிக்குள்ள இருந்ததுதானே?"

 தான் பிறந்த அன்றைக்கே இரண்டு லிட்டர் குடித்திருக்க முடியாதே என்று ஆவுடையப்பன் சொல்லிப் பார்த்தார். உங்கள் அம்மா குடித்திருப்பாள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரே அவர் உயிரைக் காப்பாற்றக் கிளம்பியது. டீக்கடையில் அவருக்கு டீத்தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். மோரில் தண்ணீர் இருக்கிறது, ரசம் முக்கால்வாசி தண்ணீர்தான் என்று இரண்டும் நின்றுபோயின. மருமகள் பேச்சித்தாய் தட்டில் இட்லி வைத்தபோது, வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த பிச்சாண்டி உள்ளே வந்து தடுத்தான்.

"இட்லி எதுல வேகுது மதினி?"

"ஆவியில."

"ஆவி எதுல இருந்து வருது?"

பேச்சித்தாய் தட்டை எடுத்துக்கொண்டாள். ஆவுடையப்பனுக்குப் பொரிகடலையும் காராச்சேவும் வந்தன. ஆவியை அளக்கப் படி உண்டா என்று தெருவில் மதியம் வரை பேசினார்கள். அவர் உள்ளே காராச்சேவை மென்றுகொண்டு இருந்தார். லாரித் தண்ணீரையாவது கொடுங்கள் என்று ஆள் விட்டுக் கேட்டார். அளவு தெரியாததைக் கொடுத்து ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று பதில் வந்தது. எருமை மட்டும் என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. எருமைகள் அளவு கேட்பதில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினால் குழாய் தெரிந்தது. இப்படியே இன்னும் ஒரு நாள் போனால் தான் காப்பாற்றப்பட்டே செத்துப்போவோம் என்பது அவருக்கு நன்றாகப் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தார்.

எழுபது வருஷமும் தான் இந்தத் தண்ணீரைக் குடித்ததாகச் சொல்வது சுத்தப் பொய் என்று வாதம் செய்தார். தொட்டித் திறப்புவிழாவில் எல்லோருக்கும் துண்டு போர்த்திக்கொண்டே வந்து, அவருக்குப் போட வேண்டிய துண்டை, உழைக்கப்போவது இதுதான் என்று சொல்லி மோட்டாருக்குப் போர்த்தினார்கள். அந்த ஆத்திரத்தில் அவர் பன்னிரண்டு வருஷம் இந்தக் குழாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து ஊர் ஓடையிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவந்து குடித்தார். பார்த்த சாட்சி உண்டு. ஆகவே தன் பங்கில் இன்னும் பன்னிரண்டு வருஷம் மிச்சம் இருக்கிறது, செம்பைக் கொடுங்கள் என்று முடித்தார்.

ஆபீசில் எல்லோர் முகமும் மாறிவிட்டது. தலைவர் எழுந்து நின்றார்.

"பன்னெண்டு வருஷம் குடிக்கலையா?"

"ஒரு சொட்டு தொடல."

"தினம் ரெண்டு லிட்டர் குடிக்கணும்னு அந்தம்மா அத்தனை பேர் முன்னால சொல்லிட்டுப் போயிருக்காங்க. நீங்க குடிக்காம விட்ட பாஷாணமெல்லாம் அப்ப எங்க போச்சு?"

அப்போதுதான் ஊருக்கு விஷயம் வெளிச்சமானது. பத்து இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு ஏன் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் விளங்காமல் இருந்தது அல்லவா? மற்றவர்கள் அவரவர் பங்கைக் குடித்துத் தீர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆவுடையப்பன் குடிக்காத பங்குதான் தொட்டியில் உபரியாக நிற்கிறது.

"ஒரு துண்டுக்காக ஊரையே இப்படிக் கெடுத்துட்டீங்களே பெரியப்பா" என்றான் பிச்சாண்டி.

அவர் விட்டதை எல்லாம் அவரே குடித்துத் தீர்க்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஆவுடையப்பன் எந்தத் தீர்ப்பையும் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அங்கேயே அடுத்தடுத்து நாலு செம்பு குடித்தார். அரைமணி இடைவெளியைக் குற்றவாளிக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் தினம் இரண்டு லிட்டர் வீதம் குடித்தால் விட்டது தீர இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆகும். ஆவுடையப்பன் நடுவில் செத்துப்போனால் அந்தப் பாஷாணத்தை யார் குடிப்பது? இதை எண்ணி ஊர் கலங்கிவிட்டது. நெடுநேரம் பேசி ஒரு தீர்மானம் போட்டார்கள். எண்பத்திரண்டு வயசு முடிகிறவரை ஆவுடையப்பன் சாகக் கூடாது. தீர்மானத்தின் நகல் சுடுகாட்டுக் காவலாளி மாசானத்துக்கு அனுப்பப்பட்டது. அதற்கு முன்னால் இவரை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், ஏற்றுக்கொள்ளாமல் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

மறுநாள் காலை மாசானம் அந்தக் காகிதத்தோடு ஆவுடையப்பன் வீட்டுக்கே வந்துவிட்டான். ஆவுடையப்பன் மூன்றாவது செம்பில் இருந்தார்.

"அண்ணாச்சி, தூக்கிட்டு வந்தா திருப்பி அனுப்பணும்னு போட்டிருக்கு, அது சரி. திரும்பிப் போக மாட்டேன்னு நீங்க அங்கேயே அடம்பிடிச்சுப் படுத்துக்கிட்டா நான் என்ன செய்ய?"

ஆவுடையப்பன் செம்பைக் கீழே வைத்தார். கேள்வி பெரிய கேள்வி.

"ரெண்டு லிட்டர் கொண்டுவந்து பக்கத்துல வை" என்றார். "குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துடுறேன்."