ஒன்பதாவது கைக்குட்டை

முப்பத்திரண்டு வருஷம் ஓவியத் தேர்வுத் தாள் திருத்தியவர் குலோத்துங்கன். ரிட்டயர் ஆனதும் தானும் வரைய ஆசைப்பட்டு, தன்னைவிட இருபது வயது இளைய ஓவியர் செண்பகவல்லியிடம் சீடராகச் சேர்ந்தார். அவர் செண்பகவல்லியை "டீச்சர்" என்பார். செண்பகவல்லி அவரை "சார்" என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆழ்வார்பேட்டையில், ஒரு மாடி ஹாலில் நடந்த கண்காட்சிக்கு அவரை அழைத்துப் போனார் டீச்சர். ஹருனா என்ற ஜப்பானியப் பெண்ணின் முதல் கண்காட்சி. மொத்தமே ஒன்பது படங்கள். எல்லாம் பென்சிலில் வரைந்த கைக்குட்டைகள்.

வாசலில் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தது. குலோத்துங்கன் அதைப் படிக்கவில்லை. யார் வரைந்தது, எதற்கு வரைந்தது என்று பார்க்காமல் தாளை மட்டும் பார்ப்பதுதான் நியாயம் என்பது அவர் கட்சி. அதில் மனிதர் படு வைராக்கியம்.

மடிப்பு, கசங்கல், ஓரத் தையல் எல்லாம் அசல் துணி மாதிரியே இருந்தன. மனசுக்குள் சபாஷ் போட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதாவது படத்தில் மட்டும் வலது மூலை வெறும் தாளாக இருந்தது.

நேரே போய் பார்வையாளர் நோட்டைப் பிரித்தார். பழக்கம் விடுமா? "உழைப்பு தெரிகிறது. ஒன்பதாவதில் மூலை முடிக்கப்படவில்லை. பத்துக்கு ஏழு" என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

ஹருனா வந்து எட்டிப் பார்த்தாள். கேலரியில் வேலை பார்க்கும் பெண் அவளுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஹருனா இடுப்பு வரை குனிந்து வணங்கி ஏதோ சொன்னாள்.

"நன்றி சொல்றாங்க சார். நாளைக்குக் காலையிலயே அந்த மூலையை முடிச்சுடறாங்களாம்" என்றாள் கேலரிப் பெண்.

குலோத்துங்கனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா டீச்சர், சொன்னா கேட்டுக்கிற பொண்ணு!"

செண்பகவல்லி அவரை வாசலுக்குக் கூட்டிப்போய், குறிப்பைக் காட்டினார்.

ஹருனாவின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள் கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் கைக்குட்டைகளை வரைந்திருக்கிறாள். ஒன்பதாவதை வரைந்துகொண்டிருக்கும்போது அம்மாவின் மூச்சு நின்றது. பென்சிலும் அங்கேயே நின்றுவிட்டது.

குலோத்துங்கனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று உள்ளே ஓடினார். "முடிக்க வேணாம், அப்படியே விட்டுடச் சொல்லும்மா" என்று கேலரிப் பெண்ணிடம் கெஞ்சினார்.

ஹருனா மறுபடியும் குனிந்து வணங்கினாள். "நீங்க சொன்னப்புறம் அது அவங்களுக்கும் குறையாதான் தெரியுதாம் சார்" என்றாள் அந்தப் பெண்.

படியிறங்கும்போது குலோத்துங்கன் பாதியில் திரும்பி ஹாலைப் பார்த்தார். "நான் எழுதினதை அடிச்சுட்டு வந்துடட்டுமா டீச்சர்? பத்துக்குப் பத்துன்னு மாத்திப் போட்டுடறேன். சரியாயிடுமா?"

"எங்க வீட்டுல ஒரு செவலை மாடு இருந்துச்சு சார். அதுக்கு ஒத்தைக் கொம்பு. நாலாவது படிக்கிறப்ப அதை வரைஞ்சேன். வாத்தியார் பத்துக்கு அஞ்சு போட்டு, 'இன்னொரு கொம்பு எங்கே?'ன்னு எழுதியிருந்தார்."

"அதுக்கு ஒரு கொம்புதான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அம்மா வந்து சொன்னாங்க. நல்ல மனுஷர், பாவம். அஞ்சை அடிச்சுட்டு அப்பவே பத்து போட்டுக் குடுத்தார்."

"அப்புறம் என்ன? தீர்ந்துபோச்சே!"

"அதுக்குள்ள நான் இன்னொரு கொம்பை வரைஞ்சுட்டேன் சார். மாடு செத்து முப்பது வருஷமாச்சு. இன்னிக்கும் கண்ணை மூடினா, ரெண்டு கொம்போடதான் வருது."