கறுக்கத் தெரிந்த ஆயில்

ஒரு காலத்தில், கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில், சிவப்பு நிறத்தில் ஒரு பந்தயக் கார் இருந்தது. ஒரு காலம் என்றதும் ராஜா ராணியைத் தேடாதீர்கள். பெட்ரோலில் எத்தனால் கலந்து ஊற்ற ஆரம்பித்துவிட்ட நம்ம காலம்தான்.

காரை ஓட்டுகிறவள் வான்மதி. அதைப் பார்த்துக்கொள்கிறவன் அவள் புருஷன் சென்னியப்பன். அந்த இஞ்சினை இரண்டு பேரும் சேர்ந்து, போல்ட் போல்ட்டாகத் தாங்களே முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதற்கு மாற்று இஞ்சின் கிடையாது. அது ஒருநாள் உள்ளே தேய்ந்து நின்றுவிட்டால் வான்மதியின் பந்தயமும் அன்றோடு சரி. கதை முழுக்க இந்த ஒரு பயத்தின் மேல்தான் ஓடுகிறது.

இஞ்சினும் லேசுப்பட்டது இல்லை. அடேயப்பா, என்ன குரல், என்ன வேகம்! பக்கத்துத் தோட்டத்து மயில்கூட அது உறுமினால் அகவலை நிறுத்திவிடும்.

அந்த வருஷம் பந்தயத்துக்கு எத்தனால் நிறையக் கலந்த பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும் என்று விதி வந்தது. எத்தனால் கரும்பாலைப் பக்கம் பிறந்தவள். கலகலவென்று டேங்குக்குள் இறங்கினாள்.

"வணக்கமுங்க. என்னால உங்க பலம் கூடும். உள்ள வந்தா ஜில்லுன்னு இருப்பேன். ஆனா ஒண்ணு மட்டும் முன்னாலயே சொல்லிப்போடறேன். நான் தனியா எங்கியும் போகமாட்டேன். காத்துல துளி ஈரம் இருந்தாலும் தண்ணி ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்குவா. சின்ன வயசுச் சிநேகிதி. விரட்ட மனசு வராதுங்க" என்றாள்.

"வரட்டுமே அம்மிணி! விருந்தும் மருந்தும் மூணு நாள்தானே" என்றது இஞ்சின்.

நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பழமொழி, கிளம்பிப் போகிற விருந்தாளிக்குத்தான் பொருந்தும்.

புது எரிபொருளுக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று சென்னியப்பன் அலமாரி முன்னால் நின்றான். அவன் காதில் விழவில்லையே தவிர, அலமாரியில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது.

"கெட்டியா இருக்கிறவன்தான் காப்பாத்துவான். என்னை ஊத்தச் சொல்லுங்க" என்றது கூழ் மாதிரி இருந்த கெட்டி ஆயில்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நீங்க கீழ இருந்து மெல்ல மெல்ல மேல ஏறி வர்றதுக்குள்ள என் தலைப்பக்கம் இருக்கிறதெல்லாம் உரசியே தேஞ்சு போயிரும்" என்றது இஞ்சின்.

"காலம் கெட்டுப் போச்சு" என்று முனகிக்கொண்டு கெட்டி ஆயில் டப்பாவுக்குள் ஒடுங்கியது.

அடுத்து, வெளிநாட்டுப் படம் போட்ட டப்பாவிலிருந்து பளபள ஆயில் பேசியது. தேன் நிறம். கண்ணாடி மாதிரித் தெளிவு. "ஒரே ஒரு பந்தயத்துக்குன்னே பொறந்தவன் நான். ஓட்டம்னா ஓட்டம்தான். கழுவறது, தூக்கறது, சுமக்கறது எல்லாம் நம்ம வேலை இல்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க?"

மூலையில் ஒரு சாம்பல் நிற டப்பா. அதிலிருந்த ஆயில் கொஞ்சம் தயங்கித்தான் வாயைத் திறந்தது. "உங்களைக் கட்டினவங்க எவ்வளவு கெட்டி வேணும்னு கேட்டாங்களோ அந்தப் பதத்துல இருக்கேனுங்க. உள்ள வர்ற அழுக்கையும் ஈரத்தையும் நான் தூக்கிக்குவேன். அதனால சீக்கிரமே கறுத்துப் போயிருவேன். அதுக்காக முகம் சுளிக்கக் கூடாது."

பளபள ஆயில் விழுந்து விழுந்து சிரித்தது. "வேலைக்குச் சேர்ற அன்னைக்கே, என் சட்டை அழுக்காகும்னு சொல்றவனைப் பாத்தீங்களா!"

சென்னியப்பன் வெள்ளைத் துணியில் இரண்டு ஆயிலிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பார்த்தான். பளபள ஆயில் துணியில் தங்கமாய் மின்னியது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷன் அவன். டப்பாவில் எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லை. பளபளப்பைத்தான் ஊற்றினான்.

சென்னியப்பனுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் ஷெட்டுக்கு வருவான். பானெட்டில் விபூதி இடுவான். சாவியைத் திருப்பி இஞ்சினை இரண்டு உறுமல் உறுமவிடுவான். அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காபி குடிப்பான். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அவனுக்குக் காபி தொண்டையில் இறங்காது. பாசம்தான், யார் இல்லையென்றது?

அந்தப் பாசம் இஞ்சினுக்குள் என்ன செய்தது என்று பாருங்கள். குளிர்ந்து கிடக்கும் இஞ்சினில் எத்தனால் முழுக்க எரியாது. எரிகிற இடத்திலிருந்து எதுவும் கீழே ஆயிலுக்குள் இறங்காமல் பார்க்கும் காவல்காரர்கள் பிஸ்டன் வளையங்கள்தான். அவர்களும் உடம்பு சூடேறினால்தான் நெஞ்சை விரித்து அடைத்து நிற்பார்கள். சூடேறுவதற்கு முன்பே எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அவர்கள் ஓரமாய் வழிந்து கீழே ஆயிலுக்குள் இறங்கிவிட்டார்கள்.

"யாரும்மா நீங்க? என் மேல படாதீங்க. தள்ளி நில்லுங்க" என்றது பளபள ஆயில்.

"நாங்க வேணும்னு வரலீங்க. நல்லாச் சூடு வந்தா ஆவியாக் கிளம்பிப் போயிருவோம். சூடு வர்றதுக்குள்ள அவர் நிறுத்திப் போடறாரு" என்றாள் எத்தனால்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கியோ ஒரு ஓரத்துல ஒட்டிக்கங்க."

அவர்கள் ஒட்டிக்கொண்டார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். யாரும் தூக்கிக்கொள்ளாத கரி இஞ்சினின் சுவரில் படிந்தது. தண்ணீர் ஆயிலோடு கலங்கி, ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரித் திரண்டது. கொஞ்ச நாளில் உள்ளே ஒரு புளிப்பு உண்டாகி இரும்பை மெல்லக் கடிக்க ஆரம்பித்தது.

மேலே சென்னியப்பன், ஆயில் எவ்வளவு இருக்கிறதென்று காட்டும் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துவிட்டுத் துள்ளினான்.

"அம்மிணி, இங்க ஓடி வா! ஆயில் ஒரு சொட்டுக் குறையலை. ஏறியிருக்குது! நிறமும் பெருசா மாறலை. நம்ம வண்டியில மகாலட்சுமி குடியிருக்கறா!"

"ஆயில் எப்பிடீங்க ஏறும்? உள்ள எருமை கட்டிக் கறக்கறீங்களா?" என்றாள் வான்மதி.

"நல்லது நடந்தா ஒத்துக்க மாட்டியே. கண்ணு வெக்காத, போ."

கீழே இருட்டில் சுமை தாங்கிக்கொண்டிருந்த பேரிங், அளவுக் கம்பியைப் பார்த்துக் கத்தியது. "அட பாவி! ஆயில் தண்ணியா நீத்துப் போச்சு. என் மேல ஒரு படலம்கூட நிக்க மாட்டேங்குது. நீ மேல போய் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வர்றியே, உனக்கே அடுக்குமா?"

"என்னை ஏன் திட்டறே? எவ்வளவு இருக்குன்னு கேட்டாரு, சொன்னேன். யார் யார் இருக்காங்கன்னு அவர் கேக்கவே இல்லையே" என்றது அளவுக் கம்பி.

பந்தயம் நெருங்கியது. வான்மதி பயிற்சிக்குக் காரை எடுத்தாள். நீண்ட வளைவு ஒன்றில் முழு வேகத்தில் திரும்பும்போது ஆயில் அழுத்தம் காட்டும் முள் சரசரவென்று இறங்கியது. அடியிலிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம். இன்னொரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவள் ஆசைப்படவில்லை. அப்போதே இஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டே ஓரம் கட்டினாள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிப்பதே இதனால்தான்.

"பெத்த தாயி நீதான்" என்று பேரிங் அழுதது. அவளுக்குக் கேட்கவில்லை.

சென்னியப்பன் ஓடி வந்து கம்பியை உருவினான். "அளவு நிறைய இருக்குதே அம்மிணி! ஆயில் குறைஞ்சாத்தானே அழுத்தம் குறையும்?"

வான்மதி கம்பியை வாங்கி மோந்து பார்த்தாள். "ஆயில் வாசனையா இது? நீங்களே மோந்து பாருங்க. பெட்ரோல் பங்குல நிக்கிற மாதிரி இருக்குது." ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினாள். அடியில் வெண்ணெய் வெண்ணெயாய் அப்பியிருந்தது.

சென்னியப்பன் முன்பக்கம் ஓடினான். ரேடியேட்டர் தண்ணீர்தான் உள்ளே இறங்கிவிட்டதோ என்று அதைத் திறந்து பார்த்தான். அங்கே ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

"அப்ப இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துது?"

வான்மதி அந்த வெண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "ஏனுங்க, இட்லிச் சட்டியை அடுப்புல வெச்சு, ஆவி கிளம்பறதுக்குள்ள அடுப்பை அணைச்சா என்ன ஆகும்?"

"தண்ணி தண்ணியாவே கெடக்கும்."

"எத்தனாலோட வந்த தண்ணியை வெச்சுத் தெனமும் விடிஞ்சா நீங்க அதைத்தானே பண்றீங்க?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஆசையாப் பண்ணினேன் அம்மிணி. அது சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுதே விடியும். நானே அதைக் கொல்லப் பாத்தேனா?"

"இன்னும் சாகலைங்க. எந்திரிங்க."

காரை ஷெட்டுக்கு இழுத்து வந்து இஞ்சினின் அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். பேரிங்கில் லேசான கீறல்தான், பிழைத்துக்கொண்டது. உள்ளே படிந்த கரியைத் துடைத்தார்கள். இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து டப்பாக்களைத் திருப்பிப் படித்தார்கள். எத்தனால் கலந்த எரிபொருளுக்கு ஏற்றது என்று சாம்பல் நிற டப்பாவில்தான் எழுதியிருந்தது. பொடி எழுத்து, பளபள டப்பாவைத் தாண்டி யார் கண்ணுக்குத்தான் அது தெரிந்திருக்கும்?

சாம்பல் டப்பா ஆயில் உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எத்தனாலும் தண்ணீரும் பயந்து பயந்து வந்து நின்றார்கள்.

"வாங்கம்மா, வாங்க. ரெண்டு பேரும் என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றது ஆயில்.

"எங்களை விரட்ட மாட்டீங்களா?" என்றாள் எத்தனால். எந்த ஆயிலும் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"விரட்டினா எங்க போவீங்க? இஞ்சின் உடம்புலதான் போய் ஒட்டுவீங்க. நீங்க பலம் குடுக்க வந்தவங்க, திருட வந்தவங்க இல்லை. சூடு வர்ற வரைக்கும் என்கிட்ட இருங்க. வந்ததும் ஆவியாக் கிளம்புங்க."

"அப்ப நான்?" என்று மூலையிலிருந்து முறைத்தது புளிப்பு.

"நீயும் வா. என்கிட்டச் சுண்ணாம்பு குணம் கொஞ்சம் இருக்குது. உன் கோபம் அடங்கிரும்."

கரி விழுந்தது. அதையும் ஆயில் தூள் தூளாகப் பிரித்துத் தன்மேலேயே ஏந்திக்கொண்டது. சுவரில் ஒட்டவிடவில்லை.

சென்னியப்பனும் மாறினான். விடியற்காலை உறுமலை விட்டான். காபி சில நாள் கசக்கத்தான் செய்தது. காரை எடுத்தால் நன்றாகச் சூடேறும்வரை தூரமாய் ஓட்டினான், இல்லையென்றால் சாவியைத் தொடவே இல்லை. ஆனால் சில நாளில் அளவுக் கம்பியை உருவியதும் அவன் முகம் சுருங்கியது.

"அம்மிணி, இது என்ன இப்பிடிக் கறுத்துப் போச்சு! கொட்டிரலாமா?"

"அளவு ஏறுச்சா? பெட்ரோல் வாசனை வருதா?"

"இல்லை."

"அப்பறம் என்னங்க? உழைக்கறவன் கறுக்கத்தான் செய்வான்."

பந்தய நாள் வந்தது. நல்ல வெயில். வான்மதி அந்த நீண்ட வளைவுக்குள் முழு வேகத்தில் நுழைந்தாள். முள் அசையாமல் நின்றது. எத்தனால் சிரித்துக்கொண்டே வெடித்தாள். பேரிங் மேல் ஆயில் படலம் உள்ளங்கை மாதிரி விரிந்து தாங்கியது. கடைசிவரை ஒரு சத்தம் இல்லை. வான்மதி இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவன் உண்மையிலேயே அவளைவிட நன்றாக ஓட்டினான், அதை அவளே சொன்னாள். அவள் இஞ்சின் உயிரோடு இருந்தது. அடுத்த பந்தயம் அவளுக்கு உண்டு.

ஷெட்டுக்கு வந்ததும், சூடு ஆறுவதற்குள் ஆயிலை மாற்றிவிடலாம் என்றாள். சென்னியப்பன் அடியில் தட்டை வைத்து அடைப்பைக் கழற்றினான். மை மாதிரிக் கறுப்பாய் வழிந்தது.

"அய்யோ, உன் கோலத்தைப் பாரு!" என்றது அலமாரியில் மிச்சமிருந்த பளபள ஆயில்.

அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. இஞ்சின் தவித்துக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் இரேன். உன்னை மாதிரி என்னை யாரும் பாத்துக்கிட்டதில்லை."

"கை நிறைஞ்சு போச்சுங்க. இதுக்கு மேல என்னால ஏந்த முடியாது. ஆசைப்பட்டு இருந்தேன்னா, சுமந்ததையெல்லாம் உங்க மேலயே இறக்கி வெச்சிருவேன். இப்பவே போறதுதான் உங்களுக்கு நல்லது" என்றது ஆயில்.

கடைசிச் சொட்டும் விழுந்தது.

சென்னியப்பன் மேல்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். எங்கேயும் ஒரு பொட்டுக் கரி இல்லை. புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. அவன் மறுபடி குனிந்து தட்டைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு அந்தக் கறுப்பில் விரல் நனைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

"ஏனுங்க, மூஞ்சியெல்லாம் கரி! துடைங்க முதல்ல" என்று வான்மதி சிரித்தாள்.

"இருக்கட்டும் அம்மிணி. இது இஞ்சின் மேல இருந்திருக்க வேண்டிய கரி. கொஞ்ச நேரம் என் மேல இருக்கட்டும்."