ஐந்தாவது ஸ்வரத்துக்குக் கம்பி இல்லை

கருப்பட்டிவிளைக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள். அந்த ஊர்ச் சீராளனுக்குத் தன் புத்தியைப் பற்றித் தாழ்ந்த அபிப்பிராயம்தான். ஆனால் அப்படிச் சொல்வதும் அதே புத்திதானே, அதை எப்படி நம்புவது என்று கூடவே ஒரு சந்தேகமும் இருந்தது.

அவனுக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. வரன் தேடும் இணையப் பக்கத்தில் பொழுதுபோக்கு என்ன என்று கேட்ட இடத்தில், 'சும்மா இருப்பது' என்று உள்ளதை எழுதியிருந்தான். கூட்டாளி ஆரோக்கியம் அதை அழித்துவிட்டு, 'யுகுலேலேயில் ஹிராஜோஷி என்னும் ஜப்பானிய ஸ்வர வரிசை வாசிப்பது' என்று போட்டுவிட்டான். எங்கேயோ காதில் விழுந்த பெயர்கள்.

உடனே நாகர்கோவிலிலிருந்து பதில் வந்தது. பெண் பெயர் இசக்கிச்செல்வி. 'பெண் பார்க்க வருகிறவர்கள் என்னைத்தான் பாடச் சொல்கிறார்கள். இந்தத் தடவை மாப்பிள்ளை வாசிக்கட்டும். பிடித்தால் சம்மதம்' என்று எழுதியிருந்தாள். படத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். சீராளன் அந்தப் படத்திலேயே விழுந்துவிட்டான். இவள் கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு கட்டினான்.

யுகுலேலே வாங்கக் கடைக்குப் போனார்கள். நாலு கம்பி போட்ட குட்டிக் கிட்டார். "இது வளருமா?" என்று கேட்டான் இன்னொரு கூட்டாளி வெள்ளைப்பாண்டி. "வளராது" என்றார் கடைக்காரர். "அப்ப உறை அளவாவே வாங்கிக்கிடலாம்" என்று மூவரும் நிம்மதியாகத் திரும்பினார்கள்.

போனில் ஒரு வாத்தியார் வீடியோ கிடைத்தது. 'நான் வைத்திருக்கிற மாதிரியே வையுங்கள்' என்றார் அவர். அங்கேயே சிக்கல் ஆரம்பித்தது.

"ஏல, அவரு இடது கை நமக்கு வலப்பக்கம்லா வருது? எப்படி வைக்க?" என்றான் சீராளன்.

வெள்ளைப்பாண்டி தாடையைச் சொறிந்தான். "அவரு நம்மளப் பாத்து இருக்காரு, அதான் சிக்கல். அவரு பாக்க பக்கத்தயே நாமளும் பாத்து உக்காந்தா சரியாயிரும்."

மூவரும் எழுந்து போனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"இப்ப கை சரியா இருக்கு. ஆனா ஒண்ணும் தெரியலியே" என்றான் சீராளன்.

"படிக்க ஆரம்பிக்கும்போது யாருக்குத்தான் தெரியும்?" என்றான் ஆரோக்கியம்.

நியாயம்தான் என்று பட்டது. கடைசியில் ஆரோக்கியம் மட்டும் முன்னால் போய் உட்கார்ந்து, தெரிவதைச் சொல்வது என்று ஏற்பாடு.

'இந்த வரிசையில் ஐந்தே ஸ்வரம்' என்றார் வாத்தியார். சீராளன் கம்பிகளை எண்ணிப் பார்த்தான். மறுபடியும் எண்ணினான். நாலுதான்.

"அஞ்சு ஸ்வரம், நாலு கம்பி. ஒண்ணு எங்கல போய் உக்காரும்?"

"கம்பிக்கு ரெண்டு வச்சா என்ன?" என்றான் ஆரோக்கியம்.

"முறுக்கிக்கிட்டுக் கெடக்கு, அது மேல ரெண்டு ஏறினா அறுந்திராதா?" என்றான் சீராளன்.

கம்பி அறுந்தால் கல்யாணமும் அறுந்ததுதான். எனவே ஐந்தாவது ஸ்வரத்தை வெள்ளைப்பாண்டி வாயாலேயே போட்டுவிடுவது என்று தீர்மானமாயிற்று. அவன் 'ஙொய்ங்' என்று பழகிக்கொண்டான்.

அடுத்து வாத்தியார், 'இங்கே வீடியோவை நிறுத்திவிட்டு, என்னைப் போலவே செய்து பழகுங்கள்' என்றார். ஆரோக்கியம் நிறுத்தினான். வாத்தியார் பேச்சின் நடுவில் அப்படியே நின்றுபோனார். வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. சுண்டு விரல் அந்தரத்தில் நின்றது.

ஆரோக்கியம் சொல்லச் சொல்ல, சீராளன் அப்படியே உட்கார்ந்தான். பிறகு யாரும் வீடியோவை ஓடவிடவில்லை. நிறுத்தத்தானே சொன்னார்? பெண் பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ராப்பகலாக அசையாமல் பழகினான். ஈ வாய்க்குள் போய்விட்டு வந்தபோதுகூட அவன் ஸ்வரம் கலையவில்லை. இத்தனை திறமை தனக்குள் இருந்ததை நினைத்து அவனுக்கே கண் கலங்கியது.

மூவரும் போன பெண் வீட்டில் காபி வந்தது. இசக்கிச்செல்வி எதிரே வந்து உட்கார்ந்தாள். சீராளன் யுகுலேலேயை எடுத்தான், வாயைத் திறந்தான், ஒரு கண்ணை மூடினான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே நின்றுபோனான்.

காபி ஆடை கட்டியது.

பெண்ணின் அப்பா நம்பிராஜன் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். "வட்டம் சுத்திக்கிட்டே இருக்கோ?"

"சுத்தக்கூட இல்லப்பா. அப்படியே நின்னுட்டு" என்றாள் இசக்கிச்செல்வி கவலையோடு.

"நம்ம கூடத்துல என்னைக்கு சிக்னல் கெடச்சிருக்கு?" என்ற நம்பிராஜன், ஆரோக்கியத்தை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, மாப்பிள்ளையை நாற்காலியோடு மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். கொலுசு குலுங்க இசக்கிச்செல்வியும் பின்னால் ஓடினாள். வெள்ளைப்பாண்டியிடம் யாரும் வா என்று சொல்லவில்லை. அவன் கீழேயே இருந்தான்.

மேலே போயும் சீராளன் அசையவில்லை. எல்லாம் போச்சு என்று மூடாத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இசக்கிச்செல்விக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் வந்து, அவன் நெற்றியில் ஒரு விரலால் மெல்லத் தட்டினாள்.

சீராளன் ஓட ஆரம்பித்தான். டொய்ங், டொய்ங், டொய்ங், டொய்ங். நாலு கம்பியும் முடிந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து 'ஙொய்ங்' என்று வந்தது.

"அஞ்சாவது மட்டும் ஏன் பிந்தி வருது?" என்று கேட்டார் நம்பிராஜன்.

"ஜப்பான்ல இருந்து வரணும்லாப்பா" என்றாள் இசக்கிச்செல்வி. சீராளன் அவளை நன்றியோடு பார்த்தான். இவ்வளவு நாளும் அவனுக்கே தோன்றாத விளக்கம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குச் சம்மதம்" என்றாள்.

அங்கேயே தாம்பூலம் மாற்றினார்கள். நம்பிராஜன் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத்த மண்டபத்துல வைக்காண்டாம். இந்த மாடியிலயே வச்சிருவோம். மாப்பிள்ளைக்கு இங்கதான் சிக்னல் கெடைக்கி."

"மழை வந்தா என்ன மாமா செய்ய?" என்று கேட்டான் சீராளன்.

"மத்த சடங்குக்கெல்லாம் உங்களக் கீழ எறக்கி வச்சிருவோம் மாப்பிள்ள. தாலி கட்டுற நேரத்துக்கு மட்டும் மேல தூக்கிட்டு வந்தாப் போதும்."

"அப்ப பொண்ணு?"

"அவ கீழயே இருக்கட்டும், நனைஞ்சிருவால்லா."