இரண்டு விரற்கடை ஆட்டம்

"ஸ்டீயரிங்கில இம்மிகூட ஆட்டம் இருக்கக் கூடாதுங்க அம்மணி," என்றார் நாச்சிமுத்து. வந்தவர் உட்காரக்கூட இல்லை.

தெய்வானை கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பக்கத்துப் பழைய டிராக்டர்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியர். பேச்சு கம்மி. நாச்சிமுத்துவைவிடப் பத்து வயது சின்னவள். பட்டறைக்குள் வந்தபின் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

அவருடைய டிராக்டருக்கு ஐம்பது வயது. தினமும் காலையில் பன்னிரண்டு பெண்களை டிரெய்லரில் ஏற்றிக் கரும்பு வெட்டுக்குக் கூட்டிப் போகிறார். வழியில் இருநூறு அடி தூரம் வாய்க்கால் கரை. ஆள் முழுகத் தண்ணீர் ஓடுகிறது.

போன திங்கட்கிழமை அந்தக் கரையில் ஸ்டீயரிங்கைக் கால் சுற்றுத் திருப்பியும் சக்கரம் திரும்பவில்லை. விளிம்பு மண் சரிந்த பிறகுதான் திரும்பியது.

யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தெய்வானை அவரை டிராக்டருக்கு அடியில் படுக்கச் சொன்னாள். தான் மேலே ஏறி ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்தாள்.

"எங்க ஆடுது?"

"எல்லா எடத்துலயும் ஆடுதுங்க."

"பயந்துட்டே பாக்காதீங்கண்ணா. மறுபடி பாருங்க."

மறுபடி பார்த்தார். ஸ்டீயரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கிற இரண்டு பால் ஜாயிண்ட்டுகள் மட்டும் தம் கிண்ணத்துக்குள் துள்ளின. மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

இரண்டையும் மாற்றினாள். கால் சுற்று ஆட்டம் இரண்டு விரற்கடையாகக் குறைந்தது.

"இந்த ரெண்டு விரக்கடை?"

"அது இருக்கட்டும்."

"எதுக்குங்க?"

தெய்வானை கை கழுவப் போய்விட்டாள்.

இருக்கட்டும் என்றால் எப்படி இருக்கும்? ஸ்டீயரிங் பாக்ஸின் தலையில் ஒரு திருகு உண்டு. அதை முறுக்கினால் ஆட்டம் குறையும் என்பது டிராக்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆளைக் கெடுப்பதே இந்த அரைகுறை ஞானம்தான்.

வீட்டுக்குப் போனதும் முறுக்கினார். ஆட்டம் போயே போய்விட்டது. தெருவில் நேராக ஓட்டிப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி போனது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள், பன்னிரண்டு பேரோடு, கரையின் வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தார். ஒடித்தது நிமிரவில்லை. இறுகிக்கொண்டது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். முன்சக்கரம் தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ஏன் நின்றுவிட்டது என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சும்மாதான் என்றார். இறங்கித் திருகைத் தளர்த்தும்போது ஸ்பானர் இரண்டு முறை நழுவியது.

சாயங்காலம் பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தெய்வானை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

திருகைச் சரிபார்த்தாள். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினாள். ஸ்டீயரிங்கை ஒரு கோடிக்கு ஒடித்து, அவர் கையை அதன்மேல் வைத்தாள்.

"ஆடுதா?"

"இல்லீங்க."

நடுவுக்குக் கொண்டுவந்தாள். "இப்ப?"

"ஆடுதுங்க."

"இத்தன வருசத்துல வண்டி அதிகமா எப்படிப் போயிருக்குது?"

"நேராத்தானுங்க."

"பாக்ஸுக்குள்ள இருக்கற பல்லுல, நேரா போன எடந்தான் தேஞ்சிருக்குது. அத மறைக்கோணும்னு முறுக்குனா, தேயாத எடம் பூட்டிக்கும்."

நாச்சிமுத்து ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப எம் பயத்த என்னங்க பண்றது?"

"வண்டிய எடுங்க," என்று சொல்லி ஜாக்கியை இறக்கிவிட்டு அவள் டிரெய்லரில் ஏறிக்கொண்டாள்.

கரை தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கீழே குதித்தாள். நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது.

"நீங்க பாத்த வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?"

"வேலை மேல இருக்குது. உங்க மேலயும் இருக்குது. கரை மேல இல்லீங்க."

மறுநாள் காலையில் அதே இடத்தில் நாச்சிமுத்து வண்டியை நிறுத்தினார். பன்னிரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"எறங்கி நடந்துருங்க," என்றார். "வண்டி நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் பயமா இருக்குது."

பாப்பாத்தி என்கிற பெண் முதலில் குதித்தாள். சோற்றுத் தூக்குப்போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இதச் சொல்ல இத்தன நாளுங்களா? நாங்க தெனமும் இங்க கண்ண மூடிட்டுத்தான் உக்காந்திருந்தோம்."