கிடாவுக்குக் கட்டிய பரிவட்டம்

"ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுறீங்க. நமக்குன்னு ஒரு வார்த்தை கேக்கணும்னா மட்டும் நாக்கு ஒட்டிக்குது."

தோணியில் துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு வேலம்மை அப்படிச் சொன்னாள்.

"கேட்டா சிரிப்பாரே, அம்மாடி" என்றான் விடங்கன். "'மழை வருது அரசே'ன்னு சொன்னாக்கூட அவருக்குச் சிரிப்பு. இதைச் சொல்லியும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுட்டா, அப்புறம் நான் எங்கே போய்க் கேப்பேன்?"

"அவர் சிரிச்சா என்ன? நீங்க கேக்கலைன்னா நான் அழுவேன். அது பரவாயில்லையா?"

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருடம் ஆகியும் விடங்கனுக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

முன்னொரு காலத்தில், ஆற்றின் தென்கரையில் ஒரு கோட்டையும் வடகரையில் ஒரு மலைக்கோயிலும் இருந்த நாட்டில்தான் இது நடந்தது. அந்த நாட்டை ஆண்டவர் கோதண்ட பூபதி. அவருடைய சபை விகடகவி விடங்கன். மலையடிவாரத்தில் தோணித்துறை என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்த் தோணிக்காரரின் ஒரே மகள் வேலம்மை. அப்பாவுக்குப் பார்வை போனபிறகு துடுப்பு அவள் கைக்கு வந்தது. ஒவ்வொரு முறை தோணி கிளம்பும்போதும் அந்த மனிதர் குனிந்து ஆற்றுநீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதைச் செய்யாமல் தோணியை நகர விடமாட்டார். அப்பாவையும் துறையையும் விட்டு வேலம்மையால் வர முடியாது. சபைக்காரர்களோ கோட்டைக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். அரசர் ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தால் கல்யாணம் நடக்கும். ஒவ்வொரு முறை "என்ன பரிசு வேண்டும்?" என்று அரசர் கேட்கும்போதும் விடங்கன் வாயைத் திறப்பான். ஒரு கூடை பலாப்பழம் வேண்டும் என்றோ, அரண்மனைப் பூனைக்கு ஒரு பட்டம் வேண்டும் என்றோ சொல்லிவிட்டு வந்துவிடுவான்.

இப்படியிருக்க, ஓர் ஆடி மாதத்தில் பக்கத்து நாட்டு மன்னரிடமிருந்து ஓலை ஒன்று வந்தது. 'எங்கள் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் பக்தர்கள். உங்கள் நாட்டில் எத்தனை பேர்?' என்று கேட்டிருந்தார்.

கோதண்ட பூபதிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நம் நாட்டுப் பக்தியை அளந்தாக வேண்டும்!" என்றார் சபையில். "எப்படி அளப்பது? யாராவது வழி சொல்லுங்கள்."

மந்திரி நரலோகராயர் எழுந்தார். வெகுநாட்களாகத் தோணித்துறையின் படகுத்துறை மேல் அவருக்கு ஒரு கண். விடங்கன்மேல் அதைவிடப் பெரிய எரிச்சல்.

"வெகு சுலபம், மகாராஜா. நம்மிடம் ஐந்து ஊர்கள். கோட்டை வாசலில் ஐந்து வெண்கல மணிகளைத் தொங்கவிடுவோம். அரண்மனைக்குத் தனியாக ஒரு வெள்ளி மணி. பக்தி உள்ளவர்கள் வந்து தங்கள் ஊர் மணியை அடிக்கட்டும். கணக்கன் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கோடு போடட்டும். எட்டாம் நாள் மாலை முரசு கொட்டும்போது, அதிகம் ஒலித்த மணியின் கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு அங்கேயே பரிவட்டம் கட்டி, கிருத்திகைத் திருவிழாவில் முதல் மரியாதை செய்வோம்."

"ஆகா! அடிக்காத ஊர்?"

"ஒரு முறைகூட ஒலிக்காத மணிக்கு உரிய இடத்தில் கடவுளே இல்லை என்றுதானே பொருள்? அந்த இடத்துச் சொத்தை அடியேன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அவர்களைத் திருத்துகிறேன்."

அரசர் அப்போதே சரி என்றுவிட்டார். விடங்கன் மட்டும் ஆற்றை நினைத்தான். ஆடிப் பெருக்கு. மலைக்குப் போகிற கூட்டமெல்லாம் தோணித்துறைக்காரர்களை நம்பித்தான் ஆற்றைக் கடக்கிறது. அந்த எட்டு நாளும் அவர்கள் துடுப்பைக் கீழே வைக்க முடியாது. அது மந்திரிக்குத் தெரியாதா என்ன?

நான்காம் நாள் விடங்கன் கோட்டை வாசலுக்குப் போய்ப் பார்த்தான். மந்திரியின் சொந்த ஊரான நரலோகபுரியின் மணி விட்டு விட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே மந்திரி வீட்டு வேலைக்காரன் ஒருவன் மல்லாக்கப் படுத்திருந்தான். கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டி, தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டே முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

"என்ன ஐயா, பக்தி பலமா இருக்கு?" என்றான் விடங்கன்.

"எனக்கு மதியம் வரைக்கும்தாங்க. அப்புறம் என் மச்சான் வருவான்."

விடங்கன் நேரே சபைக்குப் போய் இதைச் சொன்னான். நரலோகராயர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அபசாரம்! பக்தி என்பது ஆன்மாவுக்கும் ஆண்டவனுக்கும் இடையே உள்ள இரகசியம், மகாராஜா. மணியை அடித்தவர் யார், ஏன் அடித்தார், எத்தனை முறை அடித்தார் என்று துருவிக் கேட்பது மகாபாவம்."

அரசருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு உயர்ந்த எண்ணம்!"

"உயர்ந்த எண்ணம்தான், அரசே" என்றான் விடங்கன் கைகூப்பி. "இதை ஓலையில் எழுதி முத்திரை வைத்துவிடுங்கள். பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது பாருங்கள்."

விகடகவி தோற்றுவிட்டான் என்று மந்திரிக்கு ஒரே பூரிப்பு. தம் கையாலேயே ஓலையை எழுதிக் கொடுத்தார்.

எட்டாம் நாள் விடிந்ததும் விடங்கன் ஆற்றங்கரைக்கு ஓடினான். வேலம்மை தென்கரையில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. துணியில் இரத்தம் ஊறியிருந்தது.

"வேலம்மை, ஒரே ஒருத்தர் வந்து ஒரே ஒரு தடவை மணி அடிச்சாப் போதும். துறை தப்பிச்சுக்கும்."

"யாரை அனுப்பச் சொல்றீங்க? அக்கரையில முந்நூறு பேரு நிக்கிறாங்க, புள்ளகுட்டியோட. எங்க அப்பா எட்டு நாளா உக்காந்தபடிதான் தூங்குறாரு. எங்களுக்கு சாமி இருக்குன்னு நாங்க மணி அடிச்சுத்தான் சொல்லணுமா?" அவள் குரல் உடைந்தது. உடனே கோபமும் வந்தது. கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுமந்தையைக் காட்டினாள். "எங்க ஊர்ல சும்மா இருக்கிறது அதுங்க மட்டும்தான். வெள்ளத்துக்கு முன்னாடி மேய்ச்சலுக்கு வந்து, திரும்ப முடியாம இங்கேயே நிக்குது. நாப்பது இருக்கும். வேணும்னா கூட்டிக்கிட்டுப் போங்க, உங்க ராஜா வாசலுக்கு!"

விடங்கன் அவளையே பார்த்தான். பிறகு ஆடுகளைப் பார்த்தான்.

"கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான்.

கொஞ்ச நேரத்தில் தோணித்துறை மணியின் கயிறு முழுக்க அகத்திக்கீரைக் கட்டுகள் தொங்கின. ஓர் ஆடு எட்டி இழுத்தது. டாங்! அடுத்தது முண்டியடித்தது. டாங்! டாங்! கட்டு தீரத் தீர விடங்கன் புதுக் கட்டைக் கட்டினான். எப்படியும் வெற்றி நமக்குத்தான் என்று மந்திரியின் ஆட்கள் முந்தைய நாளே வீட்டுக்குப் போயிருந்தார்கள். கணக்கன் கோடு போட்டுப் போட்டு ஆறு சுண்ணாம்புக் கட்டிகளைத் தேய்த்துத் தீர்த்தான். "நான் போடலாமா கூடாதா?" என்று அழாக்குறையாகக் கேட்டான்.

"ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கோடு. உத்தரவு அப்படித்தானே?" என்றான் விடங்கன்.

மாலையில் அரசர் வந்தார். பட்டுப் பரிவட்டம் வெள்ளித் தட்டில் வந்தது. மேல்மாடத்தில் அரசியார் வந்து நின்றார். நரலோகராயர் குளித்து, திருநீறு துலங்க, தம் ஊர் மணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிச் சுமையை இறக்கிவிட்டு வேலம்மையும் ஈரச் சேலையோடு கூட்டத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தாள். முரசு கொட்டியது.

கணக்கன் பலகையைப் படித்தான். "நரலோகபுரி, நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. தோணித்துறை, நாலாயிரத்து அறுநூற்றேழு."

"தோணித்துறையா!" என்றார் அரசர். "பலே! கயிற்றைப் பிடித்திருக்கும் அந்தப் பரம பக்தர் எங்கே?"

கூட்டம் விலகியது. நீண்ட தாடியோடு ஒரு கிடா, கயிற்று நுனியை வாயில் வைத்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"மகாராஜா, இது மோசடி!" என்று அலறினார் மந்திரி. "அடித்தது யார் என்று விசாரியுங்கள்! எத்தனை முறை அடித்தது என்று கேளுங்கள்! இந்த ஆட்டுக்கு என்ன பக்தி? தழைக்காக அடித்திருக்கிறது!"

விடங்கன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "அபசாரம்! யார், ஏன், எத்தனை முறை என்று கேட்பது மகாபாவம். இதோ, மந்திரியார் கைப்பட எழுதிய ஓலை. தழைக்காக அடித்தாரா, முறுக்குக்காக அடித்தாரா என்று நாம் துருவலாமா?"

அரசரின் மீசை துடித்தது. "சட்டம் சட்டம்தான். விதியை எழுதியவரே பரிவட்டத்தைக் கட்டட்டும்."

நாட்டின் முதல் மந்திரி குனிந்து ஆட்டின் தலையில் பரிவட்டத்தைச் சுற்றினார். அது நன்றியோடு அவருடைய அங்கவஸ்திரத்தின் நுனியைத் தின்றது. கோட்டை வாசலே சிரிப்பில் குலுங்கியது.

"இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது, அரசே" என்றான் விடங்கன். "வெள்ளி மணி."

கணக்கன் பலகையைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டான். "அரண்மனை... ஒன்றுமில்லை."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஒரு முறைகூட ஒலிக்காத இடத்தில் கடவுளே இல்லை. சொத்து மந்திரியார் பொறுப்பில்" என்றான் விடங்கன். "சாவியை இப்போதே கொடுத்துவிடுகிறீர்களா, அரசே, நாளைக்கா?"

அரசர் திகைத்து மேல்மாடத்தைப் பார்த்தார். "தேவி, நீயாவது அடித்திருக்கக் கூடாதா? பக்தி இல்லாதவளா நீ?"

"மூன்று வருடமாக வெள்ளிதோறும் விரதம் இருக்கிறேன்" என்றார் அரசியார். "உங்களிடமே சொல்லவில்லை. வாசல் மணியிடமா சொல்வேன்?"

"எதற்காக விரதம்?"

"அதை அவரிடம் மட்டும்தான் சொல்வேன்" என்று மலைப்பக்கம் கையைக் காட்டினார்.

அரசரின் முகத்தில் முதலில் ஒரு வெட்கம் வந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வந்தது. கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மணிகள் அதிரச் சிரித்தார்.

"மணிகளைக் கழற்றுங்கள்! பக்கத்து நாட்டு மன்னருக்கு எழுதுங்கள், எங்கள் நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியாது. அது தெரிந்தவர் மலைமேல் இருக்கிறார், அவரைப் போய்க் கேட்கட்டும். தோணித்துறை என்றைக்கும் தோணித்துறைக்காரர்களுக்கே. நரலோகராயரே, அடுத்த வருடக் கிருத்திகை வரை அந்த ஆட்டுக்கு அகத்திக்கீரை உம் செலவு!" கண்ணைத் துடைத்துக்கொண்டு விகடகவியின் பக்கம் திரும்பினார். "விடங்கா, கேள். எதுவானாலும் கேள். இல்லை என்று சொல்லமாட்டேன், இது என் வாள்மேல் ஆணை. இந்த முறை என்ன, பலாப்பழமா?"

விடங்கன் வாயைத் திறந்தான். வழக்கம்போல ஒரு வேடிக்கை நாக்கு நுனியில் வந்து நின்றது. கூட்டத்தின் ஓரத்தில், துணி சுற்றிய கைகளைக் கோத்துக்கொண்டு வேலம்மை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்த வேடிக்கையை விழுங்கினான்.

"அரசே, இதற்கு மட்டும் சிரிக்காதீர்கள்."

அரசர் சிரிப்பதை நிறுத்தினார்.

"நான் கோட்டையை விட்டுப் போய்த் தோணித்துறையில் குடியிருக்க வேண்டும். அங்கே வேலம்மை இருக்கிறாள். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள எனக்கு உத்தரவு கொடுங்கள்."